கோதுமை மாவுப் பை

வீட்டுக்குப் பின்னால் பச்சை வாளிக்கும் நீல வாளிக்கும் நடுவே முக்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் சம்பூரணம் முதல் வேலையாக இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. பாவாடை நாடாவுக்குள் செருகி, மேலே முந்தானையை இழுத்து மூடியிருந்த அந்தப் பேப்பர் பொட்டலம் நழுவாமல் இருந்தது. சரி, வேலையைப் பார். வெங்காயத் தோல் பச்சைக்கு. நேற்றைய முருங்கைக்காய்ச் சக்கை பச்சைக்கு. ஷாம்பு பாக்கெட் நீலத்துக்கு. டீத்தூள் சக்கை பச்சைக்கு, மாத்திரை அட்டை நீலத்துக்கு, இது என்ன, தேங்காய் நார், இதுவும் பச்சைதான், நார் மக்குவதற்கு நாளாகும் என்று வண்டிக்காரப் பழனியம்மா முணுமுணுப்பாள், முணுமுணுக்கட்டும், அவள் முணுமுணுக்காத நாள் எது. இரண்டு தெரு தள்ளிக் குப்பை வண்டியின் பாட்டு கேட்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளையார் கோயில் முக்கில் வண்டியை நிறுத்தி ஒரு வாய் டீ குடிப்பார்கள், அதற்கப்புறம்தான் இந்தப் பக்கம் திரும்புவார்கள். நேரம் இருக்கிறது. ஆனால் நேரம் இருந்தால் யோசிக்க வேண்டிவரும், இன்றைக்கு யோசிக்கிற தைரியம் அவளுக்கு இல்லை. பால் பாக்கெட்டை எடுத்தாள். பால் பாக்கெட்டைக் கத்தரித்து, உள்ளும் புறமும் கழுவி, துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுகிற பெண்மணி ஈரோட்டிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். "ஏனுங்க்கா, பாக்கெட்டுக்கு இஸ்திரி போடறதில்லீங்களா?" என்று எதிர்வீட்டு லலிதாமணி கேட்டு, தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும், சிரிப்பு பால் பாக்கெட்டோடு நின்றால் அவளுக்கு லாபம்தான். வார்டு சூப்பர்வைசர் ஒருநாள் அவளைத் தெருமுனைக்குக் கூப்பிட்டு, இந்த அம்மாவைப் பார்த்து எல்லாரும் குப்பை பிரிக்கக் கத்துக்கணும் என்று சொல்லி நாலு பேரைக் கைதட்ட வைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடக்கமாவது மண்ணாவது. மகன் பூபதியோ மருமகள் தாரணியோ இந்த வாளிகளில் கை வைத்துவிடக் கூடாது, அவள் கட்டிக் காத்த சுத்தமெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

தும்மினால் போச்சு. இருமினால் போச்சு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், மாடிப்படி இறங்கினால், சில நாள் பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலே போச்சு. முதலில் ஒரு சொட்டு, அப்புறம் நிறுத்த முடியாது, தொடையை இடுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தாலும் நிறுத்த முடியாது. இது எப்போது ஆரம்பித்தது என்று நினைத்துப் பார்த்தால் கொழுந்தனார் மகள் கல்யாணத்தில்தான் வந்து நிற்கிறது. பெருந்துறை மண்டபம், யாரோ என்னவோ சொல்ல, எல்லாரோடும் சேர்ந்து அவளும் வாய்விட்டுச் சிரித்தாள், அவ்வளவுதான் செய்த பாவம். நாற்காலிக்குப் போட்டிருந்த துணி நனைந்து, வெளிர்நீலப் பட்டு பின்னால் கருநீலமாகிவிட்டது என்று பார்க்காமலேயே தெரிந்தது. பந்திக்கு வாங்க என்று கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பசிக்கவில்லை என்றாள். தாலி கட்டி முடிந்து, போட்டோ எடுத்து முடிந்து, ஒரம்பரை, உறவு சனமெல்லாம் கலைந்து, கூட்டிப் பெருக்குகிறவர்கள் சீமாறோடு வந்து நிற்கும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிது தாரணி, தட்டில் சோறும் அப்பளமும் எடுத்துக்கொண்டு வந்து, "கால் வலிக்குதுங்களா அத்தை, இங்கயே சாப்புடுங்க" என்று மடியில் வைத்தாள். ஆமாம் கண்ணு, கால்தான் என்றாள் இவள். அன்றைக்குக் காலின் மேல் போட்ட பழியைத்தான் இன்னமும் கால் சுமந்துகொண்டிருக்கிறது. டாக்டரிடம் போகலாம், போனால் பூபதிதான் வண்டியில் கூட்டிப் போக வேண்டும், என்னம்மா உடம்புக்கு என்று கேட்பான், பெற்ற பிள்ளையிடம் அதை எந்த வார்த்தையில் சொல்வது. மாசாமாசம் தலைக்கு ஊற்றுவது நின்றுபோய் எத்தனையோ வருஷமான பொம்பளை, சின்னப் பெண்கள் வாங்குகிறதைப் போய் வாங்க ஆரம்பித்தாள். அதிலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், தன்னை யாருக்கும் தெரியாத கடையாகப் பார்த்து. கடைக்காரன் பேப்பரில் சுற்றி, அதன்மேல் கறுப்புக் கவரையும் போட்டு, திருட்டுச் சாமான் கொடுக்கிறவன் மாதிரி நீட்டுவான், அவளும் திருடி மாதிரியே வாங்கிக்கொண்டு வருவாள். பஸ் குலுக்குகிற குலுக்கலில் அந்தப் பயணமே வினையாகப் போனபிறகு வேறு வழியில்லாமல் கோயில் முக்கு மெடிக்கலுக்கு மாறினாள். அங்கே நிற்கிற பெண் முதல் நாளே சும்மா இருக்காமல், "யாருக்குங்கம்மா?" என்று கேட்டாள். இவள் யோசிக்கவே இல்லை. மருமகளுக்கு என்றாள். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை, வழுக்கிக்கொண்டு. அதற்கப்புறம் அந்தப் பெண் கேட்பதையே விட்டுவிட்டாள், இவள் தலையைப் பார்த்ததும் அக்காவுக்குங்களா என்று எடுத்து வைத்துவிடுவாள், இவள் ஆமாம் என்று தலையை ஆட்டுவாள். முந்தாநாளும் ஆட்டினாள். நேற்றுக் காலையிலும் ஆட்டினாள்.

நேற்று ஆட்டியதுதான். வீட்டில் அப்படியொரு சேதி இருக்கும்போது ஆட்டலாமா? நாலு வருஷமாகக் காத்திருந்து, தாரணிக்குத் தள்ளிப்போய், சோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்து, பூபதி அந்த அட்டையைப் பர்சுக்குள் வைத்துக்கொண்டு அலைகிறான், லலிதாமணி முதற்கொண்டு எல்லாருக்கும் தெரியும், மெடிக்கல்காரப் பெண்ணுக்கு மட்டும் தெரியாதா என்று ஒரு நிமிஷம் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. தன் நனைந்த பாவாடையைத் தவிர வேறெதுவும் அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், பூபதி தாரணிக்கு மாத்திரை வாங்க அதே கடைக்குப் போயிருக்கிறான். அந்தப் பெண், காத்தாலதான் அம்மா அக்காவுக்கு வாங்கிட்டுப் போனாங்களே என்று அந்த அலமாரியைக் கை காட்டியிருக்கிறாள். அவன் முகத்தில் ஈயாடாமல் வீடு வந்து சேர்ந்தான், வேலை பார்க்கிற மஞ்சள் மண்டியில் ஏதோ தகராறு போல என்று இவள் நினைத்துக்கொண்டு சப்பாத்திக்கு மாவு பிசைந்தாள். அடுப்படிக்கும் அவர்கள் அறைக்கும் ஒரே சுவர். "இந்தத் தடவையும் மறைக்கறயா?" என்றான். "எதைங்க மறைக்கறேன்?" என்றாள் தாரணி. போன வருஷம் இதே மாதிரி இரண்டு கோடு விழுந்து, சில நாளில் கலைந்துபோனதும், வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்களே என்று பயந்து தாரணி வாரக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் தனியாக அழுதுகொண்டிருந்தது வாஸ்தவம். அதைத்தான் அவன் இப்போது எடுத்துப் பேசினான். எனக்கு ஒண்ணும் ஆகலீங்க, நான் யாரையும் எதையும் வாங்கச் சொல்லலீங்க, வேணும்னா அத்தையக் கேளுங்க என்று அவள் அழுதாள். "அதைப் போயி அம்மாகிட்ட எப்படிக் கேக்கறது?" என்று அவன் சீறினான். சுவருக்கு இந்தப் பக்கம் இவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவனே அடுப்படி வாசலில் வந்து நின்றான். வாயைத் திறந்தான். மூடினான். சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போய்விட்டான். கேட்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும், அந்த விஷயத்தின் பெயரைத் தாய் முன்னால் சொல்கிற பிள்ளையாக அவனை அவள் வளர்க்கவில்லை. அவன் திரும்பி நடந்தபோது இவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால்தான் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ராத்திரி யாரும் சாப்பிடவில்லை. காலையில் பார்த்தால் அறையில் தாரணி பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், கோபியில் அவள் அம்மா வீட்டுக்கு.

வண்டிப் பாட்டு நின்றது. டீக்கடை. நீல வாளிக்கு அடியில் இருந்து கோதுமை மாவுப் பையை உருவினாள், காலியான பழைய பை, அதுதான் அவளுடைய ரகசியக் கிடங்கு. இந்த மாதிரிப் பொருளைப் பேப்பரில் சுற்றி, சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டு, தனியாகக் கையில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், நோட்டீஸே ஒட்டியிருக்கிறார்கள். தெருவுக்கே பாடம் நடத்துகிறவள் அந்த ஒரு சட்டத்தை மட்டும் மீறிக்கொண்டிருந்தாள். கையில் கொடுப்பதும் ஊரைக் கூட்டிச் சொல்வதும் ஒன்றுதானே. இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுக்கலாம் என்று முந்தானையைத் தூக்கியவள் காலடிச் சத்தம் கேட்டு அப்படியே விட்டாள். தாரணி. கண் இரண்டும் வீங்கியிருந்தது, தலைகூட வாரவில்லை. "நான் பிரிக்கட்டுங்களா அத்தை?" என்றாள், எப்போதும் கேட்கிறதுதான். "வேண்டாங் கண்ணு, கையெல்லாம் நாறும், நீ போ" என்றாள், எப்போதும் சொல்கிறதுதான். அவள் போகவில்லை. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தை, நேத்து மெடிக்கல்ல எனக்குன்னு சொல்லி ஏதாச்சும் வாங்குனீங்களா?" கேட்டுவிட்டாள். பூபதியால் முடியாததை இந்தச் சின்னப் பெண் கேட்டுவிட்டாள், அதுவும் எவ்வளவு பதவிசாக, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், வாங்கியிருந்தால் சொல்லிவிடுங்கள், என் உயிர் போகிறது என்கிற மாதிரி. சம்பூரணம் ஒரு முட்டை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டை ஓடு பச்சை. "எனக்குக் கால்வலி மாத்திரைதான் வாங்குனேன்" என்றாள். "அந்தப் புள்ளை வேற யாரையோ நினைச்சுட்டுச் சொல்லிருக்கும்." தாரணி, சரிங்க அத்தை என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சொல்லியிருக்கலாம், பக்கத்தில் யாரும் இல்லை, காக்கை கூட இல்லை. நாலு வார்த்தை. அவள் சிரித்திருப்பாளா, மாட்டாள். அருவருத்திருப்பாளா. அதுதான். இப்போது இல்லாவிட்டாலும் அப்புறம். அத்தை உட்கார்ந்த இடத்தை ஒருதரம் திரும்பிப் பார்க்கத் தோன்றும், அத்தை பிசைந்த மாவைத் தொட யோசனை வரும், கோபியில் அவள் அம்மாவுக்குத் தெரியும், அந்தச் சம்பந்தியம்மாள் அடுத்த தடவை வந்தால் சோபாவில் தள்ளி உட்காருவாள். குழந்தை பிறந்தால் இவள் மடியில் போடுவார்களா. போடுவதற்கு முன்னால் ஒரு துணியை விரிப்பார்கள், குழந்தைக்காக என்று சொல்லிக்கொண்டு இவளுக்காக விரிப்பார்கள். இதெல்லாம் அவளாகக் கற்பனை செய்தது அல்ல, அவளே செய்தது. அவளுடைய மாமியார் படுக்கையோடு கிடந்த காலத்தில் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவள் அவள்தான், பொத்துவதைக் கிழவி பார்க்கட்டும் என்றே பொத்தினாள். அந்தப் பார்வை தன் மேல் திரும்பும் என்று நினைத்தாலே உடம்பு கூசுகிறது. அதனால், அதனால் என்ன, தாரணி நாலு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும். எப்படியும் ஸ்கேன் எடுப்பார்கள், குழந்தை இருக்கிறது என்று டாக்டரே சொல்லிவிடுவார், பூபதி போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான், யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகத்தான் இருக்கிறது இந்தக் கணக்கு. ஆனால் கோபி பஸ்ஸில் அந்தப் பெண் அழுதுகொண்டே குலுங்கிக்கொண்டு போவாளே. போன தடவை கலைந்தது எதனால் என்று யாருக்குத் தெரியும். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? ஆனால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, ஆனால் ஆகிவிட்டால்? அப்போதும் பூபதி, நான் சொன்னேன் பார்த்தாயா, அன்னைக்கே போயிருச்சு, இவ மறைச்சுட்டா என்றுதான் சொல்வான். காலத்துக்கும் சொல்வான். அப்போதும் தான் முட்டை ஓட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமா என்று நினைத்தாள். உட்கார்ந்திருப்போம் என்றுதான் தோன்றியது. தன்னைப் பற்றி அவளுக்கு அந்த நிமிஷம் தெரிந்துபோனது அதுதான், அதைப் போட எந்த வாளியும் இல்லை. பாட்டு மறுபடி கேட்டது, இந்தத் தெருவுக்குள்ளேயே. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. பொட்டலத்தை உருவி, மாவுப் பைக்குள் தள்ளி, வாயை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, நீல வாளியில் பால் பாக்கெட்டுகளுக்கு அடியில் செருகிவிட்டது.

வாசலில் எல்லாரும் இருந்தார்கள், எல்லாரும் அன்றைக்கென்று இருந்தார்கள். பூபதி மண்டிக்குக் கிளம்பி பைக்கைக் கேட்டருகே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான், குப்பை வண்டி வழியை அடைத்துக்கொண்டதால் போக முடியாமல் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். தாரணி பையோடு வாசற்படியில் நின்றாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எதிரே லலிதாமணி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவள், பையைப் பார்த்ததும் மெதுவாக நடந்தாள். பாட்டு காதைப் பிளந்தது. பழனியம்மா பச்சை வாளியைக் கவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தாள், நீல வாளியைக் கவிழ்த்தாள், பால் பாக்கெட்டெல்லாம் சரசரவென்று விழுந்து, மேலாக மாவுப் பை வந்து உட்கார்ந்தது. பழனியம்மா அதை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். பாட்டுக்கு மேலே கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள். "ஏனுங்க்கா, கோவிச்சுக்காதீங்க, மாசம் முச்சூடும் பாக்கறேன், அதை இந்த மாவுப் பைக்குள்ளார ஒளிச்சு வெக்கறாங்க, கையை விட்டாத்தான் தெரியுது. உங்க மருமவகிட்டச் சொல்லுங்க, பேப்பர்ல சுத்தித் தனியாக் குடுக்கட்டும். வயசுப் புள்ளைக்கு உள்ளதுதானுங்க, இதுல என்ன வெக்கம்?"

சாவியைத் திருகிக்கொண்டிருந்த பூபதியின் கை நின்றது. அவன் அம்மாவைப் பார்க்கவில்லை, பையையும் பார்க்கவில்லை, நேராகத் தாரணியைப் பார்த்தான். அப்படியொரு பார்வையைச் சம்பூரணம் அவனிடம் பார்த்ததில்லை, இனி உன்கிட்டப் பேச ஒண்ணுமில்லை என்கிற பார்வை. தாரணி படிக் கைப்பிடியைப் பிடித்தாள், இன்னொரு கை வயிற்றுக்குப் போயிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே இந்தப் பெண், என்று சம்பூரணம் நினைத்தாள், அதற்குமேல் எதுவும் நினைக்கவில்லை.

"அது என்னோடது" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் சொன்னதிலேயே பெரிய வார்த்தையைச் சொல்லிவிட்டு நிற்கிறாள், பழனியம்மா என்னவென்றால் காதில் கையை வைத்து, "என்னுங்க்கா?" என்கிறாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். இப்போதுகூட, ஒன்றுமில்லை, சரி சொல்லிடறேன் என்று தலையை ஆட்டிவிட்டு வாளியோடு உள்ளே போய்விடலாம். ஆட்டிப் பழக்கப்பட்ட தலைதானே. பழனியம்மா டிரைவர் பக்கம் திரும்பிக் கத்தினாள். "அண்ணா, அந்தப் பாட்டைச் சித்த நிறுத்துங்க, அக்கா என்னமோ சொல்றாங்க!"

பாட்டு நின்றது. லலிதாமணி தன் வாளியைக் கீழே வைத்தாள்.

"அது தாரணியோடதில்ல" என்றாள் சம்பூரணம். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "என்னோடது. மெடிக்கல்ல அவளுக்குன்னு பொய் சொல்லி நாந்தான் வாங்கறேன். எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியறதில்ல. ரொம்ப நாளாவே." சொல்லும்போதே போய்விட்டது. கால் வழியாகச் சூடாக இறங்கி, செருப்புக்குள் வந்து சேர்ந்தது. அவள் அசையவில்லை.

பழனியம்மா, "சரிங்க்கா, சரிங்க்கா" என்று சொல்லி அந்தப் பையை வண்டியின் பக்கவாட்டில் தொங்கிய தனிச் சாக்கில் போட்டாள், இத்தனை நாள் கேட்டது இதைத்தானே. லலிதாமணி தன் வாளிக்குள் எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள். பூபதி, "அம்மா" என்றான். பைக்கின் சீட்டைத் துடைக்க ஆரம்பித்தான், காது மடல் இரண்டும் சிவந்திருந்தது. அவனுக்காக அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முடிந்தது, மானம் கப்பலேறிவிட்டது, ஏறினாலும் நின்றுகொண்டுதான் இருக்கிறோம் என்று அவளுக்கு ஒரு மாதிரி இலேசாகக்கூட இருந்தது. தாரணி படியிறங்கி வந்தாள். கையைப் பிடிப்பாள் என்று சம்பூரணம் நினைத்தாள். பரவாயில்லைங்க அத்தை என்று சொல்லப் போகிறாள், அன்றைக்கு மண்டபத்தில் தட்டோடு வந்தவளாயிற்றே, உள்ளே கூட்டிப் போய்ச் சேலை மாற்றிவிடுவாள் என்றெல்லாம் நினைத்து, வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைக் கொஞ்சம் நீட்டவும் செய்தாள்.

தாரணி கிட்டே வந்து நின்றாள். பை இன்னும் தோளில்தான் இருந்தது. முகத்தில் கோபம் இல்லை.

"நான் கேட்டேனுங்களே அத்தை" என்றாள். "பின்னாடி அங்க உக்காந்துட்டிருந்தீங்க. நான் வந்து கேட்டேனுங்களே."